பழைய குரோனோகிராஃபில் டயலும் பாகங்களும் சரியானவையா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்ற குரோனோகிராஃப் (ஓட்டி நிறுத்தி நேரம் அளக்கும் கைக்கடிகாரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1968-இல் செய்தது, மாடல் 145.012, உள்ளே 321 மெஷின், எல்லாமே ஒரிஜினல் என்கிறார் விற்பவர். ஆனால் டயலில் ஒமேகா குறி அச்சாக இருக்கிறது. பெசலில், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள எண் வளையத்தில், 90 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கிறது. டார்ச் அடித்து அணைத்த பிறகும் முட்கள் வெகுநேரம் ஒளிர்கின்றன. பின் மூடியின் உட்புறத்தில் 145.022-69 என்று பொறித்திருக்கிறது. "டயல் அசல்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டயல் ஒமேகாவுடையதாகவே இருக்கலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் போலி என்று சந்தேகிக்கக் காரணம் இல்லை. நீங்கள் அறிய வேண்டியது வேறு: இந்த டயல், இந்த மெஷின், இந்த மூடி, இந்த முட்கள் எல்லாம் ஒரே கடிகாரத்தில் சேர்ந்து பிறந்தவையா?

அசல் என்ற ஒற்றைச் சொல்லில் நான்கு நிலைகள் ஒளிந்துகொள்கின்றன. தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோதே இருந்த பாகம் ஒன்று. அதே காலத்தில், அதே மாடலுக்காகச் செய்யப்பட்டு, பின்னாளில் வேறொரு கடிகாரத்திலிருந்து எடுத்துப் பொருத்திய பாகம் இரண்டாவது. சர்வீஸுக்குப் போனபோது கம்பெனியே மாற்றிப் போட்ட புதிய பாகம் மூன்றாவது. பழைய தகட்டின் மேல் மறுபடி வண்ணம் பூசி அச்சடித்த டயல் நான்காவது. முதல் இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாலும் முடியாத காரியம். ஒரு டயலை அகற்றிவிட்டு அதே வருடத்து அதே வகை டயலைப் பதமாகப் பொருத்தினால், எந்த லென்ஸும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே நிபுணர்கள் "சரியானது" என்று சொன்னால், இந்த மாடலுக்கும் காலத்துக்கும் பொருந்துகிறது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். மூன்றாவதையும் நான்காவதையும் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

உங்கள் கடிகாரத்துக்கு வருவோம். 321, 861 இரண்டும் லெமானியா நிறுவனம் செய்த மெஷின்கள். 145.012 என்பது அக்காலத்தில் 321 பொருத்திய கடைசித் தலைமுறை. 1968-இல் 861 வந்தபோது மாடல் எண் 145.022 ஆனது. எனவே 145.022-69 என்ற மூடிக்குள் 321 இருக்கவே கூடாது. வெளிக் கேஸ் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், அதன்மேல் மாடல் எண்ணும் கிடையாது. எது எது என்று சொல்வது மூடியும் மெஷினும் மட்டுமே என்பதால் இந்த முரண்பாடு சின்ன விஷயம் இல்லை. 145.012 டயல்களில் ஒமேகா குறி உலோகத்தில் தனியாகச் செய்து பதிக்கப்பட்டது. முதல் 145.022-68-களிலும் அது தொடர்ந்தது. அதற்குப் பின்தான் அச்சுக் குறி வழக்கமாயிற்று. பெசலைப் பாருங்கள்: ஏறக்குறைய 1970 வரை வந்தவற்றில் 90-க்கு மேலே புள்ளி இருக்கும், பிந்தியவற்றில் பக்கத்தில் இருக்கும். ஆக டயல், பெசல், மூடி மூன்றும் 861 காலத்தைச் சுட்டுகின்றன. விற்பவரின் வாய்ச்சொல் மட்டும் 321 என்கிறது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. உள்ளே இருப்பது உண்மையில் 861-ஆக இருக்கலாம். விற்பவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இல்லையென்றால், எங்கிருந்தோ கிடைத்த 321-ஐ ஒரு 145.022 உடம்புக்குள் வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறக்காமலே இதில் பாதியைத் தீர்த்துவிடலாம். 321 மணிக்கு 18,000 அடி துடிக்கும், 861 துடிப்பது 21,600. கைபேசியில் கடிகாரத் துடிப்பை அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. அமைதியான அறையில் கடிகாரத்தை மைக்கின் மேல் வைத்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். திறந்து பார்த்தால் 321-இல் கோட்டை மதில் போலப் பற்கள் நிமிர்ந்து நிற்கும் தூண் சக்கரம் இருக்கும், 861-இல் அந்த இடத்தில் கேம் என்ற தட்டையான தகடு இருக்கும். செம்பு நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். தொடக்கக் கால 861-களும் அதே நிறம்தான். பிறகு மெஷினில் உள்ள வரிசை எண்ணைப் படியுங்கள். 145.012-க்கு உரியவை பெரும்பாலும் 24 மில்லியனிலிருந்து 26 மில்லியன் வரையிலான எண்கள். அதைவிட வெகுவாகக் குறைந்த எண் வந்தால், அந்த மெஷின் இன்னும் பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து வந்தது. ஆனால் எண் பொறித்த பாலத்தையும் (சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகடு) கழற்றி மாற்றலாம் என்பதால் எண் மட்டுமே சாட்சி ஆகிவிடாது.

முட்களைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. 1968-இல் பூசிய ஒளிர்பூச்சில் டிரிடியம் இருக்கும். டயலின் அடியில் "ஸ்விஸ் மேட்" என்ற எழுத்தின் இருபுறமும் ஒரு "டி" இருப்பது அதற்குத்தான். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அன்றிலிருந்து அது நான்கு முறைக்கு மேல் பாதியாகிவிட்டது, கூடவே ஒளிரும் துகள்களும் சிதைந்துவிட்டன. புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பூச்சு ஒளிரும், விளக்கை எடுத்ததும் ஓரிரு நொடியில் செத்துவிடும். நிமிடக் கணக்கில் ஒளிர்ந்தால் அது 1990-களில் தொடங்கி வந்த லூமினோவா வகைப் பூச்சு. ஆகவே உங்கள் முட்கள் சர்வீஸில் மாற்றியவை, அல்லது பழைய முட்களில் புதிதாகப் பூசியவை. இரண்டையும் பிரிக்க 10 மடங்கு லென்ஸ் போதும். சர்வீஸ் முட்களில் வெள்ளை வண்ணம் குறையில்லாமல், ஓரங்கள் கூர்மையாக இருக்கும். பழைய முட்களில் மையத் துளையைச் சுற்றி, கழற்றி மாட்டிய கீறல்களும் வண்ணம் உதிர்ந்த இடங்களும் தெரியும்.

முட்களின் நிறமும் டயலின் நிறமும் அச்சுப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. முட்களில் பூச்சு ஒரு சட்டத்துக்குள் தொங்குகிறது, டயலில் வண்ணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பூசியவரும் வேறாக இருந்திருக்கலாம். கொஞ்சம் நிற வேறுபாடு இயல்பு. புற ஊதாவின் கீழ் இரண்டும் ஒரே விதமாக நடந்துகொள்கின்றனவா என்பதுதான் நம்பத்தக்க சோதனை. அதைவிடப் பழைய, 1960-களின் தொடக்கம் வரையிலான கடிகாரங்களில் ரேடியம் இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள்; ஒளி செத்துவிட்டாலும் கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது, கைகர் கருவி கண்ணாடிக்கு மேலேயே காட்டிவிடும். டிரிடியத்தின் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. "டி" போட்ட டயலின் மேல் இருக்கும் முட்கள் கருவியைக் கத்த வைத்தால், அந்த முட்கள் பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து வந்தவை என்று சந்தேகப்படலாம். தயவுசெய்து ரேடியம் பூச்சை நீங்களே சுரண்டாதீர்கள், வீட்டு மேசையில் கண்ணாடியைக் கழற்றி ஊதாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் உடம்பிலேயே தங்கிவிடும்.

இனி நான்காவது நிலை: மறுபடி அச்சடித்த டயல். ஸ்பீட்மாஸ்டரில் இது குறைவு. 1940-கள், 50-களின் வெள்ளி நிறக் குரோனோகிராஃப்களில் மிக அதிகம். முதலில் எழுத்துகளைப் பாருங்கள். மென்மையான திண்டால் ஒற்றிய பழைய அச்சில் மை லேசாகப் புடைத்திருக்கும், கோடுகளின் முனைகள் வெட்டினாற்போல் முடியும், மிகச் சிறிய எழுத்தின் உள்வெளி கூட அடைபடாது. ரீடயலில், அதாவது மறுபடி அச்சடித்த டயலில், கோடு தடித்திருக்கும் அல்லது நடுங்கும், சிறிய எழுத்துகளில் மை நிரம்பிவிடும். அடுத்து, துணை டயல்களின் விளிம்பு. அசலில் அவற்றுக்குள் ஓடும் வட்ட வரிகள் ஒளியில் விசிறி போல விரியும், விளிம்பு கூர்மையாக இருக்கும். மறு பூச்சில் வண்ணம் அந்தப் பள்ளத்தில் தேங்கி வரிகளை மூடிவிடும். பதித்த மணிக் குறிகளின் அடியில் வண்ணம் குவிந்திருந்தாலும், ஆறு மணிக்கு அடியில் இருக்க வேண்டிய "ஸ்விஸ்" காணாமல் போயிருந்தாலும், அது மையம் விலகி நின்றாலும் எச்சரிக்கை. டயலின் ஓரத்தில் மூன்று மணிப் பக்கம் அரத்தால் போட்ட சின்ன வெட்டு இருந்தால், அச்சடிக்கும்போது திசை தெரிவதற்காகப் போட்டதாக இருக்கக்கூடும். ஆனால் தொழிற்சாலையிலிருந்தே வெட்டுடன் வந்த டயல்களும் உண்டு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது.

இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு, அதற்கு அனுபவமே தேவையில்லை: அளவுகோல்களின் கணக்கு. டயலில் டாக்கிமீட்டர் என்ற வேக அளவுகோல் இருந்தால், 3,600-ஐ நொடியால் வகுத்தால் வருவதுதான் அந்த இடத்தின் எண். 60-ஆம் நொடியில் 60, 45-இல் 80, 40-இல் 90, 36-இல் 100, 30-இல் 120, 20-இல் 180, 18-இல் 200, 12-இல் 300. மணிக் குறிகளை வைத்தே இதைச் சரிபார்த்துவிடலாம்: எட்டு மணிக் குறிக்கு நேராக 90, நான்கு மணிக் குறிக்கு நேராக 180 நிற்க வேண்டும். நாடி அளக்கும் டயலில் "30 துடிப்பு" என்று எழுதியிருந்தால் 1,800-ஐ நொடியால் வகுக்க வேண்டும். 30-ஆம் நொடியில் 60, 20-இல் 90 வரும். 15 துடிப்பு என்றால் 15-ஆம் நொடியில் 60. இடி, பீரங்கி தூரம் அளக்கும் டெலிமீட்டர் ஒலியின் வேகத்தை அடிப்படையாகக் கொண்டது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 நொடி. அசல் டயலை வரைந்தவர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வரைந்தார். மறுபடி அச்சடிப்பவர் தேய்ந்த டயலைப் பார்த்து நகல் எடுக்கிறார், அதனால் எண்கள் ஒரு கோடு, அரைக் கோடு நகர்ந்துவிடுகின்றன. புகைப்படம் நேராக எடுத்ததாக இருந்தால் திரையிலேயே ஒரு நேர்கோடு வைத்து இதைப் பிடித்துவிடலாம். கணக்கு தப்பினால் டயல் கெட்டது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் டயல் நல்லது என்று ஆகிவிடாது. இன்றைய கணினி அச்சுக்காரர்கள் கணக்கைத் தப்பாமல் போடுகிறார்கள்.

டயலும் மெஷினும் பொருந்துகின்றனவா என்பதற்கும் இப்படி ஒரு எளிய வழி இருக்கிறது. குரோனோகிராஃபை ஓடவிட்டுக் காத்திருங்கள். நிமிடங்களை எண்ணும் துணை டயலில் 30 என்று எழுதியிருந்தால் 30 நிமிடத்தில் முள் ஒரு முழுச் சுற்று முடித்திருக்க வேண்டும். 45 என்றால் 45. முள்ளும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் டயல் வேறு மெஷினுக்குச் செய்தது. மணி எண்ணும் துணை டயலுக்கு ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் மெஷினில் பழுது இருக்கலாம், அல்லது அந்த முள் வெறும் அலங்காரம். துணை முட்கள் தம் சின்ன வட்டத்தின் நட்ட நடுவில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். வேறு மெஷினின் டயலை வைத்தால் மையங்கள் கடுகளவு விலகும், முள்ளின் அச்சு துளையின் ஒரு பக்கமாக ஒட்டி நிற்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் டயலைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மெஷினில் திருகிப் பிடிக்கும் இரண்டு சிறு கால்களும் வெட்டப்பட்டு, பசையாலோ ஒட்டும் வில்லையாலோ டயல் நின்றால், அது வேறு மெஷினுக்காகப் பிறந்த டயல் என்று கிட்டத்தட்ட தீர்ந்தது. உடைந்த காலை எடுத்துவிட்டு ஒட்டியவர்களும் உண்டு என்பதால் "கிட்டத்தட்ட" என்கிறேன். இதற்காக மட்டும் டயலைக் கழற்றச் சொல்ல மாட்டேன். சர்வீஸ் நடக்கும்போது படம் எடுத்துத் தரச் சொன்னால் போதும்.

மற்றப் பெயர்களுக்கும் இதே முறைதான், விவரங்கள்தான் மாறும். வால்ஜூ 72 என்ற மெஷின் பொருத்திய கடிகாரங்களில் பேலன்ஸ் வீலின் (முன்னும் பின்னும் ஊசலாடும் சக்கரம்) ஓரத்துக்கு அடியில் 72 என்ற எண்ணைத் தேடுங்கள். லாண்டரான் 48 என்ற மெஷினுக்கு மூடியைத் திறக்கவே வேண்டாம்: மேல் பொத்தான் ஓடவிட மட்டும்தான், கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிற்கும், மறுமுறை அழுத்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பும். மேல் பொத்தானே ஓட்டி நிறுத்தும் தூண் சக்கர மெஷின் என்று சொல்லி விற்கும் ஒன்று இப்படி நடந்துகொண்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான மெஷின்களில் பேலன்ஸ் பாலத்தின் மேல் மூன்றெழுத்துக் குறி இருக்கும்: ஒமேகாவுக்கு "ஓஎக்ஸ்ஜி", ரோலெக்ஸுக்கு "ஆர்ஓடபிள்யூ", லாஞ்சினுக்கு "எல்எக்ஸ்டபிள்யூ", பிரைட்லிங்குக்கு "டபிள்யூஓஜி". டயலில் ஒரு பெயரும் பாலத்தில் இன்னொருவரின் குறியும் இருந்தால், மெஷினோ அந்தப் பாலமோ வேறிடத்திலிருந்து வந்தது. குறியே இல்லாதது குற்றமில்லை, அது அமெரிக்கா போகாதது, அவ்வளவே.

ரோலெக்ஸ் டேடோனா குரோனோகிராஃபில் சிங்கர் என்ற டயல் நிறுவனம் செய்த, நடிகர் பால் நியூமன் பெயரால் வழங்கும் டயல்தான் போலிகளின் தலைவாசல். நியூமனின் சொந்த டேடோனா (மாடல் 6239) 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1.77 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த விலைக்காகச் சாதாரண டயலை மாற்றி எழுதும் கைகளுக்குக் குறைவில்லை. தொடக்கச் சோதனையாக, ஒன்பது மணிப் பக்கத்து நொடி வட்டத்தைப் பாருங்கள். அந்த வகை டயலில் 15, 30, 45, 60 என்று இருக்கும். சாதாரண டயலில் 20, 40, 60. துணை டயல் கோடுகளின் முனையில் சின்னச் சதுரங்களும் இருக்க வேண்டும். இதில் தேறினால் பரீட்சை தொடங்கியிருக்கிறது என்று மட்டும் கொள்ளுங்கள். இந்த டயல் விஷயத்தில் புகைப்படம் பார்த்து யார் உறுதி சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பிப் பணம் போடாதீர்கள்.

ஸீக்கோ 6139 குரோனோகிராஃபில் வேலை எளிது. மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் டயலின் எண் இருக்கும். அது கேஸ் எண்ணோடு கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கக் காலத்து டயலிலும் மூடியிலும் "வாட்டர் ப்ரூஃப்" என்ற வாசகம், பிறகு "ரெசிஸ்ட்". "ப்ரூஃப்" டயலின் பின்னால் 1974 மூடி இருந்தால் இரண்டில் ஒன்று வந்தேறி. பளபளவென்ற புதிய டயல் குறைந்த விலையில் கிடைத்தால், அது இப்போது செய்யும் மாற்று டயலாகவே இருக்கும்.

முட்களின் நீளம், பொத்தான், கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிமிட முள் நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும், குரோனோகிராஃப் முள் அளவுகோலின் உட்கோடு வரையாவது போக வேண்டும். குட்டையான முள் வேறு கடிகாரத்தினுடையது. பொத்தான்கள் இரண்டும் ஒரே விட்டம், ஒரே உயரம்தானா என்று பாருங்கள். கிரவுனில் பெயர் இல்லை என்பது பெரிய குறை ஆகாது, அது எல்லோரும் மாற்றும் பாகம். கேஸை மெருகேற்றித் தேய்த்திருந்தால் பட்டை மாட்டும் காதுகளின் கூர் மழுங்கியிருக்கும். அதை எவராலும் திருப்பித் தர முடியாது என்பதால், மாற்றிய முட்களைவிட அதற்கு நான் அதிகம் விலை குறைப்பேன்.

காகிதங்களை எவ்வளவு நம்பலாம்? கம்பெனி தரும் ஆவணக் காப்பகச் சான்று மெஷின் எண்ணுக்குரிய பதிவைச் சொல்கிறது. இன்று அந்த மெஷினைச் சுற்றி இருக்கும் டயலுக்கோ முட்களுக்கோ அது பொறுப்பில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போன சிகே2915-1 ஸ்பீட்மாஸ்டர், பல கடிகாரங்களின் பாகங்களைக் கூட்டிச் செய்தது என்று 2023-இல் ஒமேகாவே அறிவித்தது. அவ்வளவு பேர் பார்த்த கடிகாரத்துக்கே அந்தக் கதி என்றால், இணையத்தில் நான்கு படங்களைப் பார்த்துச் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு எடை என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

ஆகவே விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: பரவலான பகல் வெளிச்சத்தில் டயலுக்கு நேர் மேலே நின்று எடுத்த படம்; மெஷினின் முழுப் படம், வரிசை எண் படிக்கும்படி; மூடியின் உட்புறம்; புற ஊதா வெளிச்சத்தில் ஒன்று, அணைத்து ஐந்து நொடி கழித்து ஒன்று; ஓட்டி நிறுத்திப் பூஜ்யத்துக்குத் திருப்பும் காணொளி. மெஷின் 861 என்று தெரிந்தால், உங்கள் கடிகாரம் முட்கள் மட்டும் மாறிய, மற்றபடி ஒத்துப்போகும் 145.022-69. நல்ல கடிகாரம்தான், 145.022-69-க்குரிய விலைக்கு வாங்கலாம். மெஷின் 321 என்றால் அது இரண்டு கடிகாரங்களின் கூட்டு. 145.012 விலை கொடுக்காதீர்கள். மூடியையும் பெசலையும் டயலையும் தேடி வாங்கிப் பிறகு "சரிசெய்து" விடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள்: குறி பதித்த டயலும் 90-க்கு மேல் புள்ளி உள்ள பெசலும் தனித்தனியே வாங்கப் போனால் ஒத்துப்போகும் முழுக் கடிகாரத்தின் விலையை எளிதில் தாண்டும். முடிவில் கையில் இருப்பதும் மேலே சொன்ன இரண்டாம் நிலையாகத்தான் இருக்கும். வாங்கியபின் சர்வீஸுக்குக் கொடுத்தால், டயலைத் துடைக்க வேண்டாம், கேஸுக்கு மெருகு வேண்டாம், கழற்றிய பாகம் ஒவ்வொன்றும் திரும்ப வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.